விட்ட இடத்தில் விளக்கு காத்திருக்கிறது!

உங்கள் வீட்டுப் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டைக் கொஞ்சம் திறந்து பாருங்கள், சகோதரி.

பழைய ஊதுவத்தி டப்பா, போன வருஷத்துப் பஞ்சாங்கம், கோயில் கோயிலாகக் கொண்டுவந்த குங்குமப் பொட்டலங்கள்... இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். 'ஸ்ரீராமஜெயம்' எழுத வாங்கியதாக இருக்கலாம். முதல் இருபது பக்கங்களில் முத்து முத்தான கையெழுத்து. அடுத்த ஐந்து பக்கங்களில் கொஞ்சம் அவசரம். அப்புறம்... வெறும் தாள்!

நோட்டுப் புத்தகம் இல்லையென்றால் வேறு ஏதாவது இருக்கும். ஒரு மண்டலம் நெய்விளக்கு ஏற்றுகிறேன் என்று ஆரம்பித்து நின்றுபோயிருக்கும். மார்கழி முழுக்கத் திருப்பாவை சொல்ல நினைத்து, பத்தாம் நாளோடு விட்டிருப்போம். டாக்டர் சொன்னாரே என்று தொடங்கிய காலை நடை, கல்யாணத்துக்கு முன் பாதியில் நிறுத்திய வீணை, தபால் வழியில் சேர்ந்து ஒரு வருஷத்தோடு மூட்டை கட்டிய பட்டப் படிப்பு... ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொன்று.

விட்டதுகூடப் பெரிதில்லை. விட்ட பிறகு அந்தப் பக்கமே போகாமல் இருக்கிறோமே, அதுதான் பெரிது! அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்த நோட்டுப் புத்தகம் நம்மை முறைப்பது போலிருக்கிறது. உடனே அதன்மேல் இன்னும் இரண்டு குங்குமப் பொட்டலங்களைப் போட்டு மூடிவிடுகிறோம். இல்லையா?

விழுப்புரத்தை அடுத்த காணையில் ஓர் அம்மாவைச் சந்தித்த பிறகுதான், இதைப் பற்றி உங்களோடு பேச வேண்டும் என்று தோன்றியது.

'சாமி குத்தமா கண்ணு?'

திருவாமாத்தூர் தலத்தைப் பற்றி எழுதுவதற்காக அந்தப் பக்கம் போயிருந்தேன். தெரிந்தவர்கள் மூலம் காணையில் ஒரு வீட்டில் தங்கல். அறுபதை நெருங்கும் அந்த வீட்டு அம்மா, காபியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "நீ சாமி விஷயமெல்லாம் எழுதுற பொண்ணுதானே? ஒண்ணு கேட்கணும்" என்று ஆரம்பித்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய பேரன் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதினான். அவனுக்காக 48 நாள் நெய்விளக்கு ஏற்றி, சிவபுராணம் படிப்பதாக வேண்டிக்கொண்டார். 19 நாள் குறையில்லாமல் நடந்தது. மறுநாள் அதிகாலையில் அவருடைய வயதான தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரி, ஆபரேஷன் என்று அலைச்சல். விளக்கு நின்றுபோனது. பேரன் எதிர்பார்த்த மதிப்பெண்ணும் வரவில்லை.

"பாதியில விட்டதாலதான் பிள்ளைக்கு இப்படி ஆச்சுன்னு ஒரு சொந்தக்காரம்மா சொல்லிட்டா. அன்னையில இருந்து அந்தப் புத்தகத்தைத் தொடவே பயமா இருக்கு. கோயிலுக்குப் போனாலும் சாமி முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியலை. நீயே சொல்லு கண்ணு, இது சாமி குத்தமா?"

எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. "நாளைக்கு என்னோடு திருவாமாத்தூர் வர்றீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டேன். மறுநாள் காலை விழுப்புரம் போய், பஸ் மாறி, இருவருமாகத் திருவாமாத்தூர் போய்ச் சேர்ந்தோம்.

ஒரே கோயில்... இரண்டு கதைகள்!

நடுநாட்டுத் தலங்களில் திருவாமாத்தூருக்குத் தனிச் சிறப்பு உண்டு. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். பசுக்கள் வழிபட்டுக் கொம்பு பெற்றதாகவும், ஸ்ரீராமர் பூஜித்ததாகவும் சொல்கிறது தல வரலாறு. அதனால்தான் சுவாமிக்கு அபிராமேஸ்வரர் என்று திருநாமம். அம்பாள் முத்தாம்பிகை. இங்கே சுவாமிக்கும் அம்பாளுக்கும் தனித்தனிக் கோயில்கள். இருவரும் எதிரெதிரே ஒருவரை ஒருவர் பார்த்தபடி அருள்கிறார்கள்!

அம்பாள் கோயிலில் இருக்கும் வட்டப்பாறை சந்நிதி, சத்தியத்துக்குப் பேர்போனது. வழக்கு, வம்பு என்றால், 'வட்டப்பாறையில் வந்து சத்தியம் செய்' என்பார்களாம் அந்தக் காலத்தில்.

அதற்கு ஒரு கதை உண்டு. தம்பியின் சொத்தை அபகரித்துக்கொண்ட அண்ணன் ஒருவன், வட்டப்பாறை முன்னால் சத்தியம் செய்ய வந்தான். தம்பியின் பொருளை ஒரு கைத்தடியைக் குடைந்து அதற்குள் ஒளித்துவைத்திருந்தான். 'இதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்' என்று தடியைத் தம்பி கையிலேயே கொடுத்துவிட்டு, 'இவன் பொருள் என்னிடம் இல்லை. இவனிடமே இருக்கிறது' என்று சத்தியம் செய்தான். வார்த்தை என்னவோ உண்மைதான். உள்ளே இருந்தது வஞ்சகம்! கொஞ்ச தூரம் போவதற்குள் நாகம் தீண்டி அவன் மாண்டான் என்கிறது கதை.

இதைக் கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால், இதே தலத்தில் இன்னொரு கதையும் இருக்கிறது. அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒருவர் கால் நடக்க முடியாதவர். ஒருவர் பார்வை இல்லாதவர். பார்வையில்லாதவர் தோள்மேல் நடக்க இயலாதவர் ஏறிக்கொள்ள, ஊர் ஊராகப் போய்த் தமிழ் பாடினார்கள் இரட்டைப் புலவர்கள். அவர்கள் திருவாமாத்தூருக்கு ஒரு கலம்பகம் பாடினார்கள். அதில், பம்பை ஆற்றின் மேற்குக் கரையில் கோயில் இருப்பதாக வந்துவிட்டது. உண்மையில் கோயில் இருந்ததோ கிழக்குக் கரையில்! கேட்டவர்கள் பிழை என்று சுட்டிக்காட்டினார்கள். அன்று இரவு பெருமழை பெய்தது; வெள்ளம் வந்தது; ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டது. பொழுது விடிந்து பார்த்தால், கோயில் மேற்குக் கரையில் இருந்ததாம்!

கவனித்தீர்களா சகோதரி? தெய்வம் ஒன்றுதான், கோயில் ஒன்றுதான். வார்த்தை சரியாக இருந்தும் நெஞ்சில் வஞ்சகம் இருந்தவனுக்குத் தண்டனை. வார்த்தை தவறியும் நெஞ்சில் அன்பு இருந்தவர்களுக்காக ஆறே திசை மாறியது. ஏமாற்றுவது வேறு, தவறிப்போவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டுதான் நாம் தவித்துப்போகிறோம்.

தாயாரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் செய்தது குற்றமா? நிச்சயமாக இல்லை. பெற்றவளுக்குச் செய்த அந்தப் பணிவிடையும் ஒரு விளக்குதான். பேரனின் மதிப்பெண்ணுக்கும் நின்றுபோன நெய்விளக்குக்கும் முடிச்சுப் போடுவது, கருணையே வடிவான இறைவனைக் கந்துவட்டிக்காரர் ஆக்குவதாகும்!

வட்டப்பாறை முன்னால்...

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொன்னேன். ஆறுதலாகக் கேட்டுக்கொண்டார். ஆனால், வட்டப்பாறை சந்நிதிக்கு முன் வந்ததும் அவர் நடை தயங்கியது. கைகூப்பி வெகுநேரம் நின்றார். பிறகு, மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"இங்க நின்னு பொய் சொல்லக் கூடாது கண்ணு. எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தது பன்னண்டு நாள்தான். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் ஓடிடுச்சு. அந்த ரெண்டு வருஷமும் ஆஸ்பத்திரி இல்லையே! சாயங்காலம் ஆறு மணிக்கு டி.வி. முன்னாடிதானே உட்கார்ந்திருந்தேன்? கேட்டவங்ககிட்ட எல்லாம் அம்மா விழுந்ததையே சொல்லிக்கிட்டு இருந்துட்டேன்."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஆறுதல் சொல்ல நான் இருந்தேன். ஆனால், கணக்கைச் சரியாகப் பார்த்தது அவர்தான்! பன்னிரண்டு நாள் கடமை, அது குற்றமில்லை. மிச்சம் இரண்டு வருஷம் பயமும் சோம்பலும். அது நம் பொறுப்பு. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிற நேர்மைதான் வட்டப்பாறை கேட்கிற சத்தியம்.

இப்படிச் சொன்ன பிறகு அவர் கண்ணில் நீர் இருந்தது. ஆனால், அம்பாள் சந்நிதியில் அன்றைக்கு அவர் நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டார்.

தமக்கை கொடுத்த திருநீறு

உண்மையை ஒப்புக்கொண்டாயிற்று. அடுத்து என்ன? நம்மில் பலர் இங்கேதான் வழுக்கிவிடுகிறோம். 'சீ, நான் எதற்கும் லாயக்கில்லாதவள்' என்று நம்மை நாமே திட்ட ஆரம்பித்துவிடுகிறோம். நம் பிள்ளையைப் பார்த்துச் சொல்ல நாக்கு கூசும் வார்த்தைகளை, நம்மைப் பார்த்து நாமே கூசாமல் சொல்லிக்கொள்கிறோம்.

அப்படித் திட்டத் தோன்றும்போது, திலகவதியாரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரும் இந்த நடுநாட்டுப் பெண்தான். பண்ருட்டி பக்கத்தில் உள்ள திருவாமூரில் பிறந்தவர். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் இறந்துவிட, உயிரை விடத் துணிந்தவர், 'நீயும் போய்விட்டால் எனக்கு யார்?' என்று கதறிய தம்பிக்காகவே வாழ்ந்தார். அந்தத் தம்பி மருள்நீக்கியாரோ, அக்காளைத் தனியே விட்டுவிட்டுப் போய்ச் சமண சமயத்தில் தருமசேனர் என்ற பெயரோடு பெரிய நிலையில் இருந்தார். அக்காளோ திருவதிகை வீரட்டானத்தில் திருவலகு எடுத்துப் பெருக்கி, சாணத்தால் மெழுகி, பூமாலை கட்டித் தொண்டு செய்தபடி, தம்பிக்காக மன்றாடிக் காத்திருந்தார்.

தம்பிக்குச் சூலை நோய் வந்தது. எந்த மருந்துக்கும் கட்டுப்படவில்லை. அக்காளிடம் ஆள் அனுப்பினார். திலகவதியார் ஓடிப்போனாரா? இல்லை. 'நான் அங்கே வர மாட்டேன்' என்று உறுதியாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அதுதான் கண்டிப்பு. கடைசியில், யாருக்கும் தெரியாமல் இரவோடு இரவாக நடந்துவந்து, தமக்கையின் காலில் விழுந்தார் தம்பி.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த இடத்தில் நாமாக இருந்தால், எத்தனை வருஷக் கணக்கைப் பேசியிருப்போம்! திலகவதியார் அப்படி எதுவும் பேசவில்லை. 'எழுந்திரு' என்றார். இறைவன் திருவருளை எடுத்துச் சொல்லி, ஐந்தெழுத்து ஓதித் திருநீறு கொடுத்தார். விடியற்காலையில் கோயிலைப் பெருக்கக் கிளம்பும் நேரம் வந்தது. அன்றாடம் எடுக்கிற திருவலகையும் சாணத்தையும் தோண்டியையும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். அவ்வளவுதான்!

திரும்பி வந்தவருக்காகப் பெரிய சடங்கு ஏதும் நடக்கவில்லை. அன்றைக்குரிய வேலை நடந்தது. அதில் அவரும் சேர்ந்துகொண்டார். அந்த விடியலில்தான் நாவுக்கரசர் தம் முதல் பதிகத்தைப் பாடினார். பிற்காலத்தில் உழவாரப் படையைக் கையில் ஏந்தி, கோயில் கோயிலாகப் புல் செதுக்கினாரே... அந்தத் தொண்டுக்கு முன்னோடி, அக்காளின் கையில் இருந்த துடைப்பம்தானே?

நமக்குள்ளும் ஒரு திலகவதியார் இருக்கட்டும் சகோதரி. தப்பு செய்யும் இடத்துக்குத் துணையாக வர மாட்டேன் என்று சொல்லும் கண்டிப்பும் வேண்டும். திரும்பி வந்தால், பழங்கதை பேசாமல் திருநீறு எடுத்து நீட்டும் கனிவும் வேண்டும்.

ஊன்றுகோல் தந்த சுவாமி

'சத்தியத்தை மீறினால் கண் போய்விடும்' என்று உங்கள் பாட்டி பயமுறுத்தியிருக்கலாம். சுந்தரர் கதையை வைத்துச் சொல்வார்கள். சுந்தரரும் இந்த வட்டாரத்துக்காரர்தான். பிறந்தது திருநாவலூர். கல்யாணப் பந்தலில் கிழவராக வந்த இறைவன், பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலையைக் காட்டி, 'நீ எனக்கு அடிமை' என்று வழக்குரைத்து அவரை ஆட்கொண்டது திருவெண்ணெய்நல்லூரில்.

அதே சுந்தரர், திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, 'உன்னைப் பிரிய மாட்டேன்' என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். சந்நிதியில் சத்தியம் செய்தால் மீற முடியாதே என்று, அந்த நேரம் மட்டும் சுவாமியை மகிழ மரத்துக்குப் போய்விடும்படி வேண்டிக்கொண்டிருந்தார்! சுவாமியோ, 'மகிழ மரத்தடியில் சத்தியம் வாங்கு' என்று சங்கிலியாரிடம் சொல்லிவிட்டார். பிறகு, திருவாரூர் நினைவு வந்து, சத்தியத்தை மீறிப் புறப்பட்டார் சுந்தரர். ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்ணொளி மறைந்தது.

பாட்டிகள் இதோடு கதையை நிறுத்திவிடுவார்கள். மிச்சத்தையும் கேளுங்கள்! இன்னொரு பெண்ணின் நம்பிக்கையை உடைத்த தவறு அது; அதனால் இறைவன் அதைச் சும்மா விடவில்லை. ஆனால், சுந்தரரையும் கைவிடவில்லை. தடுமாறி நடந்துவந்தவருக்குத் திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கொடுத்தார். பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது அந்தப் பழைய கோயில் இடம் மாறியது. இன்றைக்குப் பூண்டியில் ஊன்றீஸ்வரர் என்ற திருநாமத்தோடு அந்தச் சுவாமி அருள்கிறார். காஞ்சிபுரம் வந்ததும் இடக்கண் பார்வை கிடைத்தது. திருவாரூர் போன பிறகு வலக்கண்ணும் கிடைத்தது.

முதலில் கோல், பிறகு ஒரு கண், அப்புறம் இன்னொரு கண். சுந்தரருக்கே எல்லாம் ஒரே நாளில் திரும்பி வந்துவிடவில்லை. நாம் மட்டும், விட்டதையெல்லாம் ஒரே வெள்ளிக்கிழமையில் பிடித்துவிட வேண்டும் என்று ஏன் அவசரப்பட வேண்டும்? அப்படி அவசரப்படுவதால்தான் மூன்றாம் நாளே மறுபடியும் மூச்சு வாங்குகிறது. முதலில் நமக்கு வேண்டியது ஓர் ஊன்றுகோல். அது ஐந்து நிமிஷமாக இருக்கலாம். ஒரே ஒரு பக்கமாக இருக்கலாம். தெருக்கோடி வரையிலான நடையாக இருக்கலாம்.

கோயில்களே கணக்குப் பார்க்கின்றன!

குறை வரும் என்பது நம் முன்னோர்களுக்குத் தெரியாததில்லை. பல கோயில்களில் ஆண்டுதோறும் பவித்ரோற்சவம் நடக்கிறது, அறிந்திருப்பீர்கள். வருஷம் முழுவதும் நடந்த பூஜைகளில் தெரிந்தோ தெரியாமலோ ஏற்பட்ட குறைகளுக்குப் பிராயச்சித்தமாக நடக்கும் விழா அது. திருமலையிலும் நடக்கிறது, ஸ்ரீரங்கத்திலும் நடக்கிறது. ஆகமம் கற்றவர்கள் செய்யும் பூஜையிலேயே குறை வரலாம் என்று ஒப்புக்கொண்டு, அதற்கும் ஒரு விழா வைத்திருக்கிறார்கள்! குறையை மறைக்கவும் இல்லை. குறை வந்துவிட்டதே என்று கோயிலை இழுத்துப் பூட்டவும் இல்லை.

நம் வீட்டு வழக்கத்திலும் இது உண்டு. மண்டல விரதம் இருக்கும் பெண்கள், வீட்டு விலக்கான நாட்களை விட்டுவிட்டு, விட்ட எண்ணிலிருந்து தொடர்ந்து எண்ணுவதில்லையா? உடனே நிறைவேற்ற முடியாத பிரார்த்தனைக்கு, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து சுவாமி படத்தின் முன் வைப்பதில்லையா? 'எனக்கு நினைவிருக்கிறது, நான் ஓடிப்போகவில்லை, கொஞ்சம் அவகாசம் கொடு' என்பதுதான் அந்த முடிச்சின் அர்த்தம். பொறுப்பும் இருக்கிறது, தவணையும் இருக்கிறது.

வருகிற வெள்ளிக்கிழமை மாலை, விளக்கேற்றிய பிறகு பத்து நிமிஷம் உட்காருங்கள். மூடிவைத்த அந்த நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். கடைசியாக எழுதிய பக்கத்துக்குக் கீழே, நடந்ததை உள்ளபடி எழுதுங்கள். கடமையால் நின்ற நாட்கள் எத்தனை, சோம்பலால் நின்ற நாட்கள் எத்தனை என்று பிரித்து எழுதுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். படிப்பவர் நீங்களும் உங்கள் இஷ்ட தெய்வமும்தானே? பிறகு, 'பொறுத்துக்கொள் தாயே' என்று நெற்றியில் திருநீறோ குங்குமமோ இட்டுக்கொண்டு, அன்றைக்கு முடிந்ததை மட்டும் செய்யுங்கள். ஒரே ஒரு வரி எழுதினாலும் போதும். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் பத்து நிமிஷம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். 'பக்கத்து வீட்டு மாமி 108 நாள் முடித்துவிட்டார்' என்று ஒப்பிட வேண்டாம். அவர் கணக்கு அவருக்கு. உங்கள் கணக்கு உங்களுக்கு!

திருவாமாத்தூரிலிருந்து திரும்பும்போது, பஸ்ஸில் அந்த அம்மா கேட்டார்: "ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணுமா, இல்லை இருபதுல இருந்தா?" நான் பதில் சொல்வதற்குள் அவரே சொல்லிக்கொண்டார்: "ஒண்ணுல இருந்தே வெச்சுக்கறேன். அப்போ பேரனுக்காக ஏத்தினேன். இந்தத் தடவை எதுவும் கேட்கப்போறதில்லை."

சில நாட்கள் கழித்துப் போன் செய்தார். குரலில் பழைய பயம் இல்லை.

"இன்னைக்கு ஒன்பதாவது விளக்கு கண்ணு. ஆரம்பிச்சு பத்து நாளாச்சு. நடுவுல ஒரு நாள் ஊருக்குப் போய்ட்டேன், விட்டுப்போச்சு. ஆனா, வந்த மறுநாளே ஏத்திட்டேன்!"

போன முறை விட்டபோது, திரும்பி வர இரண்டு வருஷம் ஆனது. இந்த முறை ஒரே ஒரு நாள்! 48 நாள் நிறைவது இருக்கட்டும். அந்த அம்மாவுக்கு முத்தாம்பிகை கொடுத்த வரம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

உங்கள் அலமாரியிலும் விளக்கு காத்துக்கொண்டுதான் இருக்கிறது, சகோதரி. மேலே இருக்கும் குங்குமப் பொட்டலங்களை மட்டும் கொஞ்சம் நகர்த்துங்கள்!